காலை ஏழரை மணிக் கையெழுத்து

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் சின்னவளுக்குப் பயம் வந்தது. அதுவரை அழுகைதான் வரும்போல் இருந்தது. கடிகாரத்தைக் கண்டதும் அழுகை எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது.

அப்பா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். டாக்டர் அவர் தாடையை இரண்டு விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"கடைசியா எப்ப பேசினார்?"

சின்னவளின் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. ‘ஏழரைக்கு என்னோட பேசினார் டாக்டர்.’ நாலே நாலு வார்த்தை. சொல்லியிருந்தால் டாக்டர் நம்பியிருப்பாரோ மாட்டாரோ, அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அஞ்சரைக்குத் தண்ணி கேட்டார். ரெண்டு மடக்கு குடிச்சிட்டுப் போதும்னார். தூங்கறார்னுதானே நெனச்சேன்? சமையலறைக்குப் போயிட்டேன்."

"அப்புறம் யாரும் வந்து பார்க்கலையா?"

"எட்டு மணிக்கு நான் எழுப்ப வந்தேன்" என்றாள் சின்னவள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்மா. தூக்கத்துலயே போயிட்டார். கஷ்டப்படல." டாக்டர் சான்றிதழ்த் தாளை மடியில் வைத்து எழுதினார். காலை 6.00 மணி.

சின்னவள் அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழரை மணிக்கு ஓட்டுநர் வந்து கூடத்து நாற்காலியிலிருந்து கோப்புப் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பையில் பதினாலு கோப்புகள். பதினாலிலும் பச்சை மையில் அப்பாவின் கையெழுத்து, அதற்குக் கீழே இன்றைய தேதி, தேதிக்குப் பக்கத்தில் ‘காலை 7.30’. செத்துப்போன மனிதர் ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதினாலு கையெழுத்துப் போட்டிருந்தார்.

போட்டவள் அவள். நேற்றுச் சாயங்காலம், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டாள்.

வேந்தர் பதவியை ஆளுநரிடமிருந்து எடுத்துக் கல்வியாளருக்குக் கொடுத்த பிறகு, அப்பாதான் ஒன்பது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒரே வேந்தர். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைவேந்தர் உண்டு. அந்த ஒன்பது பேரும் இவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் சேர்ந்தவர். மாலை வகுப்பில் படித்து ஆசிரியராகி, கல்லூரி முதல்வராகி, தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாகி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். "குடுவை கழுவினவனுக்குத்தான் கறை எங்க ஒட்டும்னு தெரியும்" என்று மேடையில் சொல்வார், கை தட்டுவார்கள். சித்தப்பா மட்டும் வீட்டில், "நாடில்லாத வேந்தர் வர்றார், வழி விடுங்கப்பா" என்பார்.

கையெழுத்தோடு நேரமும் போடுவது அப்பாவின் வழக்கம். அவர் முதல்வராக இருந்த காலத்தில் ஓர் ஆசிரியரை இடம் மாற்றி ஓர் உத்தரவும், மாற்றத்தை ரத்து செய்து இன்னோர் உத்தரவும் ஒரே நாளில் போட்டுவிட்டார். எது முந்தியது, எது பிந்தியது என்று ஏழு வருஷம் வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் அந்த ஆசிரியர் ஓய்வே பெற்றுவிட்டார். அன்றிலிருந்து அப்பா நேரம் போடாமல் பேனாவை மூடியதில்லை. அதிலும் ஒரு கணக்கு உண்டு. கோப்பு வாசல் தாண்டுகிற நேரம்தான் அவருடைய நேரம்; அதுவரை மனசு மாற உரிமை உண்டு என்பார். வண்டி வருவது ஏழரைக்கு. அதனால் ராத்திரியே பார்த்து முடித்த கோப்பிலும் மறுநாள் தேதியும் காலை ஏழரையும்தான் இருக்கும். "உலகத்துல வேற நேரமே கெடைக்கலையா? ஏழரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க" என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அவருக்குக் கை இழுத்துக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. "கை சரியாகற வரைக்கும் நீ போடு. நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். சின்னவள் ஒன்பதில் ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகர். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பில் வந்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு அவர் சொல்வது குறைந்தது. தலையாட்டினார். பிறகு அதுவும் நின்றது. கோப்பை அவர் மடியில் வைத்தால் தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவளே படித்து, அவளே முடிவு செய்து, அவளே கையெழுத்துப் போட்டாள். விழாக்களுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள். சிரித்தார், அரைப் பக்கம் படித்தார், வந்தார். வேந்தர் வயசாக வயசாகக் கனிந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பேசாத பெரிய மனுஷனுக்கு மதிப்புக் கூடத்தானே செய்யும்.

அம்மாவுக்கு இது தெரியுமா தெரியாதா என்பது சின்னவளுக்கு விளங்கவே இல்லை. சாயங்காலம் கோப்புப் பை வந்ததும் அம்மா அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

பதவிக்காலம் முடிய நாலே மாதம் இருந்தது. நாலு மாதம் தாண்டிவிட்டால் போதும் என்றுதான் அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஆபீசுக்குச் சொல்லிடும்மா" என்றாள் அம்மா.

சின்னவள் போனைக் கையில் எடுத்தாள். எண்ணை அழுத்த விரல் வரவில்லை. அதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் சொல்வது என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. போனை அவளிடமிருந்து வாங்கி, கூடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவராக அழைத்தார்.

"அண்ணன் போயிட்டாருங்க... ஆமா, காலைல சரியா ஆறு மணிக்கு... டாக்டரே எழுதிக் கொடுத்துட்டார், ஆறு!"

ஒவ்வொரு ஆறுக்கும் சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வேந்தர் அலுவலகத்துப் பதிவாளரிடமும் அதையே சொன்னார். பை போய்ச் சேர்கிற இடம் பதிவாளரின் மேஜைதான். பையில் இருக்கும் பூட்டின் எண் அவருக்கும் இந்த வீட்டுக்கும் மட்டுமே தெரியும். அவர் ஒன்பது மணிக்குத் திறப்பார். மேலே இருப்பது மலை வளாகத்துக் கோப்பு. மலைமேல் இருக்கும் சின்னப் பெண்கள் கல்லூரியை மூடிவிடலாம் என்று பதிவாளர் மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார். அதற்குக் கீழேதான் நேற்று அவள், ‘மூட வேண்டாம். மூடினால் அந்தப் பெண்கள் கீழே வந்து படிக்கமாட்டார்கள். படிப்பை நிறுத்திவிடுவார்கள்’ என்று எழுதி, பெருமையாக ஒரு கையெழுத்தும் போட்டிருந்தாள்.

ஒரு கோப்பில் பொய் தெரிந்தால் போதும், இரண்டு வருஷமும் சரிந்துவிடும். நானூறு பேரின் வேலை உத்தரவு அவள் கையால் போனது. பட்டச் சான்றிதழில் அச்சாகிற கையெழுத்துக்கு மாதிரி கேட்டு வந்தபோது அதையும் அவளே போட்டுக் கொடுத்தாள். எத்தனை லட்சம் பிள்ளைகள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள்! அவள் ஜெயிலுக்குப் போவது இருக்கட்டும். குடுவை கழுவி ஏறி வந்த மனிதரின் பெயர் நாளைக் காலைச் செய்தித்தாளில் எப்படி வரும் என்று நினைத்துப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்கள், பெற்ற மகளின் துக்கம் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

பத்து மணிக்குள் அப்பாவைக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள், வீடு நிறைந்துவிட்டது. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கண் தானாக வாசலுக்குப் போனது. ஓட்டுநர் திரும்பி வந்து ஓர் ஓரமாக நின்றார்.

"பையைக் கொடுத்துட்டீங்களாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பதிவாளர் ஐயா மேஜை மேலயே வெச்சிட்டேன்மா. இன்னிக்கு அவர் சீக்கிரமே வந்துட்டார். என் கண்ணு முன்னாடியே பூட்டைத் திறந்துட்டார்." சொல்லிவிட்டு ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பை எடுக்க வந்தப்ப ஐயா ஏற்கெனவே போயிருந்தாரு, இல்லம்மா? பத்தடி தூரத்துல நின்னுட்டுத் தெரியாமப் போயிட்டேனே."

சின்னவள் உள்ளே போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆய்வுக்கூட உதவியாளர் ஒருத்தி வந்தாள். நாற்பது வயது இருக்கும். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் அமிலக் குப்பி வெடிச்சதுன்னு என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கம்மா. ஐயாதான் காப்பாத்தினார். ‘தவறு நடந்திருக்கிறது, செய்தவர் இவர் அல்லர்’னு எழுதியிருந்தார். மனப்பாடமா வெச்சிருக்கேன். ஆய்வுக்கூடத்துல வேலை செஞ்சவருக்குத்தானேம்மா எங்க கஷ்டம் தெரியும்?"

அந்த வரியை எழுதிய சாயங்காலம் சின்னவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்; ஒரு கையால் அவருக்கு விசிறிக்கொண்டே எழுதினாள். மற்ற நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இன்றைக்கு அந்த நன்றி சாட்சி சொல்வதுபோல் கேட்டது. கையை மெல்ல உருவிக்கொண்டு புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். நடுவிரலில் நேற்றைய பச்சை மை இன்னும் போகவில்லை.

பதினோரு மணிக்குப் பதிவாளர் வந்தார். பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பதிவாளர் பை தூக்கி அந்த அலுவலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அப்பாவின் முன் நின்று தலை குனிந்தார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு நேரே சின்னவளிடம் வந்தார்.

"சார் அறையில ஒரு நிமிஷம் பேசணும்மா."

உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பையை மேஜைமேல் வைத்தார்.

"மலை வளாகம் என்ன ஆச்சுன்னு பார்க்கத்தான் இன்னிக்குச் சீக்கிரம் வந்தேன்" என்றார். "எல்லாத்தையும் பார்த்துட்டு இருந்தேன். ஆறாவது கோப்பு கையில இருக்கறப்ப உங்க சித்தப்பா போன் பண்ணினார். ஆறு மணிக்குப் போயிட்டார்னார். நான் கோப்பைப் பார்த்தேன். ஏழரைன்னு இருந்தது."

"சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன்—"

"சொல்லாதே!"

அவர் குரல் அவ்வளவு கூர்மையாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ சொன்னா நான் கேட்டதா ஆயிடும்மா. கேட்டா நான் குறிப்பு எழுதணும். எழுதிட்டா அது கோப்பு. அதுக்கப்புறம் அதை யாராலயும் நிறுத்த முடியாது."

அப்போதுதான் அவள் அவர் கைகளைப் பார்த்தாள். பையின் வாரை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தன.

"நான் பதிவாளர் ஆன உத்தரவு போன வருஷம் மே மாசம் பன்னெண்டாம் தேதி. அதுலயும் காலை ஏழரைதான். நாலு பேர் பட்டியல்ல நான்தான் கடைசி. எனக்குச் சிபாரிசு ஒண்ணும் கிடையாது. சார் என்னைத் தேர்ந்தெடுத்தார்னு..." கைக்குட்டையை எடுத்தார். "என் பொண்டாட்டி அந்த உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கா. அன்னிக்கு சார் தெளிவா இருந்தாரா? இதை மட்டும் சொல்லு. வேற எதுவும் வேண்டாம்."

அந்த மே மாதம் பன்னிரண்டுக்கு முந்தின நாள் அப்பா அவளை நாலு தடவை "நீங்க யாரு?" என்று கேட்டிருந்தார். நாலு பேரின் பணி விவரங்களை அவளேதான் உட்கார்ந்து படித்தாள். மூன்று பேர் தங்கள் பெருமையை எழுதியிருந்தார்கள். இந்த ஒருவர் மட்டும் தான் செய்த ஒரு தவற்றையும் அதைத் திருத்திய விதத்தையும் எழுதியிருந்தார். அதனால் எழுதினாள் இவர் பெயரை. அதற்கப்புறம் இந்த மனிதர் எத்தனையோ கோப்பில் அவளுக்கு எதிர்க் குறிப்பு எழுதி ஆத்திரப்படுத்தியிருக்கிறார். இப்போது எதிரில் வேர்த்துப்போய் நிற்கிறார்.

பொய் மறுபடியும் நாக்கு நுனிக்கு வந்தது. இந்தத் தடவை குறுக்கே பேச அம்மா இல்லை.

"அப்பாதான் சொன்னார். உங்க பேரை ரெண்டு தடவை சொன்னார். தப்பை ஒத்துக்கிட்ட ஆளு இவர் ஒருத்தர்தான்னார்."

பதிவாளர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. காலையிலிருந்து அந்த வீட்டில் சத்தம் வர அழுதது அவர்தான் முதல். கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டிருப்பார்கள். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டதும் பழையபடி அதிகாரியாகிவிட்டார்.

"இந்தப் பை இன்னிக்கு வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. டிரைவர்கிட்ட நான் பேசிக்கறேன். உள்ள இருக்கிறது பார்க்கப்படாத கோப்புகள். நாளைக்கு முறைப்படி வந்து வாங்கிட்டுப் போவாங்க." சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்து அவளிடம் நீட்டினார். "இது மட்டும் உள்ள இருக்கக்கூடாது."

ஒவ்வொரு கோப்பிலும் கையெழுத்து இருந்த கடைசிக் குறிப்புத் தாள்கள். அவள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"பதிமூணுதான் இருக்கு சார்."

"மலை வளாகத்துத் தாள் என்கிட்ட இருக்கட்டும்."

"எதுக்கு?"

"இனிமே அந்தக் கோப்பு என்கிட்டதான் வரும். நான்தான் எழுதணும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும்மா."

பார்த்து எழுதுவதற்கா, வேறு எதற்காவதா? கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவர் தாழை நீக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதியம் அப்பாவுக்கு மேடைக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புக் கோட்டை உடுத்தினார்கள். கை மடங்காமல் சித்தப்பாவும் ஓட்டுநரும் தவித்துப்போனார்கள். "நீங்க நகருங்க, பொத்தானை நான் போடறேன்" என்று சின்னவள் குனிந்தாள். புடவைக்குள் செருகி வைத்திருந்த பதிமூன்று தாளையும் எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்தாள். அப்பாவின் நெஞ்சு ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்தால், எதிரில் அம்மா.

அம்மா பார்த்துவிட்டாள். கிட்டே வந்து கோட்டின் மார்ப்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்தித் தடவிவிட்டாள்.

"துருத்திக்கிட்டுத் தெரியுது" என்றாள். கடைசிப் பொத்தானை அம்மாதான் போட்டாள்.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து கிளம்பிய அக்காவின் விமானம் தாமதம். காத்திருக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வாசல் வராந்தாவில் சின்ன மேஜை போட்டு இரங்கல் குறிப்பேடு வைத்திருந்தார்கள். துணைவேந்தர்கள், பேராசிரியர்கள், அந்த ஆய்வுக்கூட உதவியாளர், எல்லோரும் ஆளுக்கொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சித்தப்பா பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். ரயில் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் ஏற்றிவிட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு.

"சின்னவளே, வா. பெத்த பொண்ணு, நீ எழுத வேண்டாமா? இந்தா, அண்ணன் பேனா. மேஜை டிராயர்ல இருந்தது. எல்லாரும் இதாலயே எழுதட்டும்னு நான்தான் எடுத்து வெச்சேன்."

பச்சை மைப் பேனா. குறிப்பேடு முழுவதும் பச்சையாக இருந்தது. அவளுக்கு முந்தி எழுதி முடித்த பதிவாளர் இன்னும் நகராமல் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து துணைவேந்தர்கள். இரண்டு வருஷம் அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து உத்தரவு நிறைவேற்றியவர்கள்.

சின்னவள் பேனாவை வாங்கினாள். நுனி தாளில் பட்டதும், கை அவளைக் கேட்காமலே அப்பாவின் கையெழுத்தின் முதல் பெரிய வளைவைப் போட ஆரம்பித்தது. பாதியில் பிடித்து நிறுத்தினாள். தன் கையெழுத்து எப்படி ஆரம்பிக்கும் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. பதிவாளரின் கண் அந்த அரை வளைவின்மேல் இருந்தது. அவர் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"என்னம்மா, பேனா எழுதலையா?" என்றார் சித்தப்பா.

"எழுதுது சித்தப்பா."

பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கோணல் மாணலாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். கீழே தேதி போட்டாள். நேரம் போடவில்லை.